இரண்டு பக்கத்துக்குள் அடங்காத பாதை

கொர்னேலியஸ் வீட்டு முற்றத்துக்கு மூடுபனி வந்தால்கூட, இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம் விட்டுத்தான் இறங்கும் என்று குன்னூர் மேட்டில் சொல்வார்கள். பொய் என்று நினைப்பவர்கள் ஆடி மாதம் வந்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். அளவுகோல் அவரிடமே இருக்கிறது.

மேட்டிலுள்ள ராணுவ அலுவலகம் ஒன்றில் அவர் சிவிலியன் கிளார்க். சீருடை கிடையாது. துப்பாக்கியைத் தொட்டதில்லை, தீபாவளி வெடிக்கே காதைப் பொத்திக்கொள்வார். ஆனால் எந்தச் சிப்பாய் எந்த வாசலில் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், எந்த லாரி எந்த வளைவில் ஹாரன் அடிக்கக் கூடாது என்கிற நிலையாணைகள் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் வெளியே வந்தன. அதிகாரிகள் வாயால் சொல்வார்கள். அதை விதியாக எழுதி, விதிக்கு உரிய முகவெட்டைக் கொடுப்பது அவர் வேலை. ஒவ்வொரு பாராவுக்கும் எண், அதற்குள் சப்-பாராவுக்கு எழுத்து, அதற்குள்ளும் ஒரு குட்டி எண். ஒரு பாராவின் கடைசி வரி மட்டும் தாயைப் பிரிந்த கன்றுபோல அடுத்த பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. நின்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

கல்யாணத்தன்று ஆலயத்தில் பாதிரி ஐயர் வாசித்த உறுதிமொழியில் பாரா எண் இல்லையே என்று மாப்பிள்ளை திகைத்து நின்றாராம். மணப்பெண் பிரிஸில்லா முக்காட்டுக்குள் இருந்தபடியே, "நம்பர நான் அப்புறம் போட்டுக்கறேன், நீங்க மொதல்ல சம்மதம்னு சொல்லுங்க" என்று அதட்டினாளாம். பிரிஸில்லா இன்றுவரை இதை மறுத்ததில்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஒரு நாள் இரண்டு வரிகளைக் கொன்றார்.

அந்த வருஷம் கோடை சீசன் ஓய்கிற சமயத்தில் கர்னல் ஷிஜோ மாற்றலாகி வந்தார். திருச்சூர்க்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், மீசையைவிடப் பார்வை கூர்மை. வந்ததும் வாசல்களுக்கான நிலையாணையைக் கேட்டார். கொர்னேலியஸ் கொண்டுபோய் வைத்த புத்தகம் தலையணை மாதிரி உப்பியிருந்தது. ராணுவத்தில் விதியை அடித்துத் திருத்தக் கூடாது. திருத்தத்தைத் தனிச் சீட்டாக அச்செடுத்து, வெட்டி, பழைய வரியின்மேல் கோந்து தடவி ஒட்ட வேண்டும். சீட்டுமேல் சீட்டாக ஒட்டியதில், அந்தப் புத்தகத்துக்குக் குளிர் காலத்தில் கம்பளியே தேவைப்படாது.

"கொர்னேலியஸ், இது எந்தா, புத்தகமா மெத்தையா?" என்றார் கர்னல். "புதுசா எழுதுங்க. ஒரே தாள். முன்பக்கம், பின்பக்கம், அவ்வளவுதான். லேமினேட் பண்ணி எல்லா வாசல்லயும் தொங்க விடணும். காவல் நிக்கற பையன் மழையில நின்னு புத்தகம் புரட்டுவானா?"

நியாயமான பேச்சு. கொர்னேலியஸும் மெத்தையைப் பிரித்துப் பஞ்சை உதறி, சாரத்தை மட்டும் எடுத்து எழுதினார். எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசி இரண்டு வரிகள் மட்டும் மூன்றாம் பக்கத்துக்குத் தாவி, வெள்ளைத் தாளின் உச்சியில் அனாதையாக நின்றன.

அந்த வரிகள் இவை: ஆவிக்கொம்பை எஸ்டேட் லைனில் குடியிருப்போர், அடையாள அட்டையைக் காட்டி, பகல் வேளையில் மூன்றாம் வாசல் வழியாகப் பள்ளத்துப் பாதையில் போய் வரலாம்.

எஸ்டேட்டும், அதன் தொழிலாளர் குடியிருப்பான லைனும் மலையின் அந்தப் பக்கம். பஸ் ஸ்டாப், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை எல்லாம் இந்தப் பக்கம். நடுவில் ராணுவ நிலம். பள்ளத்துப் பாதையில் போனால், வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் பஸ் ஸ்டாப். தார் ரோட்டைச் சுற்றிப் போனால் வெற்றிலை என்ன, வெற்றிலைக் கொடியே காய்ந்துவிடும்.

எழுத்தைச் சிறிதாக்கியிருக்கலாம். அதற்கு அளவு விதி உண்டு. ஓரத்தைக் குறைத்திருக்கலாம். அதற்குப் பதில் அவர் தன் மூக்கை அறுத்துக்கொள்வார். கொர்னேலியஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழி யாருக்குத்தான் தெரியாது? சூரியன் கிழக்கே உதிக்கலாம் என்று யாராவது நிலையாணை போடுகிறார்களா? இப்படியெல்லாம் தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லி, இரண்டு வரிகளையும் அழித்தார். பின்பக்கம் அடி ஓரத்தோடு ஒட்டி, கோடு கிழித்ததுபோல முடிந்தது. கோயில் சிற்பிக்குக்கூட அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்காது.

கர்னல் வாசித்தார். தலையாட்டினார். "பழசில இருந்ததெல்லாம் இதில வந்தாச்சில்லையா?"

"வந்தாச்சு சார்."

அந்த இரண்டு வார்த்தைதான் பிற்பாடு அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

பழைய காவல்காரர்கள் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. மழை தொடங்கியபோது அவர்கள் போய், வடக்கேயிருந்து புதுப் படைப்பிரிவு வந்தது. அந்தப் பையன்களுக்கு ஆவிக்கொம்பையும் தெரியாது, சூரியன் இந்த ஊரில் எந்தப் பக்கம் உதிக்கும் என்றும் தெரியாது. தொங்குகிற தாள் ஒன்றுதான் வேதம். தாளில் இல்லாத பெண்கள் கூட்டமாக வந்தால் கையை நீட்டித் தடுத்தார்கள். லைன் முழுக்க ரோட்டைச் சுற்றியது.

இசக்கியம்மாவும் சுற்றினாள். ஆவிக்கொம்பையில் கொழுந்து பறிப்பவள். பஸ் ஸ்டாப் போகிற வழியில் கொர்னேலியஸ் வீட்டு வேலியோரம் நின்று, "ஏனுங்க கிளார்க் சார், இன்னிக்குப் பனிக்கு என்ன நம்பர் போட்டீங்க?" என்று வம்பிழுக்காமல் நகர மாட்டாள். பாதை அடைத்தபின் அந்தக் குரல் கேட்கவில்லை. கொர்னேலியஸுக்கு நெஞ்சில் லேசாக உறுத்தியது. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்து யாரிடமும் கேட்கவில்லை.

பதில் தானாகவே வீடு தேடி வந்தது. வலது கையில் மாவுக்கட்டோடு இசக்கியம்மா ஒரு சனிக்கிழமை படியேறினாள்.

"காட்டுமாடுங்க," என்றாள் பிரிஸில்லாவிடம். "வளைவுல பனிக்குள்ள நின்னுச்சு. நான் பாறைன்னு நெனச்சு ஓரமாப் போனேன். பாறை மூச்சு வுட்டுச்சு!"

ஓடியவள் சாக்கடைக் கல்லில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்த மாடு முதலில் சொன்னபோது மாடளவுதான் இருந்தது. பிரிஸில்லா காப்பி கொண்டு வருவதற்குள் ஒரு முழம் வளர்ந்தது. டம்ளர் காலியானபோது ஊட்டி ரயில் இன்ஜினுக்குக் கொம்பு முளைத்ததுபோல் ஆகியிருந்தது. பிரிஸில்லா சிரித்தாள். கொர்னேலியஸ் அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்து பறிப்பவளுக்குக் கைதானே எல்லாம்.

"சார், நீங்கதான் அந்த ஆபீஸ்ல பெரிய ஆளு," என்றாள் இசக்கியம்மா. "எந்தப் பாவி இந்த ரூல் போட்டானோ தெரியல. கர்னலய்யாவுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. லைன்ல எல்லாம் கையெழுத்துப் போடறோம். எனக்கு மட்டும் எடது கைல ரேகை."

கொர்னேலியஸ் வாயைத் திறந்தார். "எழுதிடலாமுங்க" என்பதுதான் வெளியே வந்தது.

மறுநாள் ஆலயத்தில் பாவ அறிக்கை. சபையார் எல்லாரும் சேர்ந்து 'நாங்கள்' என்று முணுமுணுத்தார்கள். வாரா வாரம் அந்த 'நாங்கள்' பெரிய கம்பளி மாதிரி. அவரவர் பாவத்தை அதற்குள் சுருட்டி மூடிக்கொள்ளலாம். அன்று கொர்னேலியஸுக்கு அந்தக் கம்பளி எட்டவில்லை. மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, சோத்துல என்ன பாரா தேடறீங்க?" என்றாள் பிரிஸில்லா.

"பசியில்ல."

"மனு எழுதறதுக்கா பசி போச்சு? ஊருக்கே எழுதற ஆளு!"

அவர் எழுந்துபோய் மனுவை எழுதினார். ஆவிக்கொம்பைப் பெண்களின் கால்வலி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நனைந்த புத்தகம், காட்டுமாடு, முறிந்த மணிக்கட்டு, ஒன்றுவிடாமல் எழுதினார். யார் விதியை மாற்றினார் என்பதை மட்டும் எழுதவில்லை.

மனு எங்கே போகும்? கர்னல் மேஜைக்குப் போனது. இரண்டாம் நாள் கர்னல் அவரை அழைத்தார். மேஜைமேல் மனு, பக்கத்தில் வாசல் நிலையாணை, இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவுகோல்.

"கொர்னேலியஸ், கொழுந்து பறிக்கற ஒரு அம்மா எழுதின மனுவில சப்-பாரா பி எதுக்கு?"

கொர்னேலியஸ் அளவுகோலைப் பார்த்தார்.

"இடது ஓரம் ஒன்றரை அங்குலம். ஒரு வரிகூட அடுத்த பக்கத்துக்குத் தனியாப் போகலை." கர்னல் அளவுகோலை இங்கும் அங்கும் வைத்துக் காட்டினார். "ரெண்டு குழந்தைக்கும் அம்மா ஒண்ணுதான், இல்லையா?"

"நான்தான் எழுதிக் குடுத்தேன் சார்."

"அது தப்பில்லை. பாவப்பட்டவங்க." கர்னல் நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா ஒரு காரியம். முன்னே இந்த வழி இருந்துதுன்னு மனுவில சொல்றாங்க. இருந்துதா? பழைய புத்தகம் அழிச்சாச்சு. உங்களுக்குத்தான் தெரியும்."

தப்பிக்க ஒரு வாசல் அகலத் திறந்து கிடந்தது. 'வழக்கமாக விட்டிருப்பார்கள் சார், விதியில் இருந்ததாக ஞாபகம் இல்லை' என்றால் போதும். பாதையும் திறக்கும், அவர் பேரும் கெடாது. கொர்னேலியஸ் மேஜைமேல் இருந்த நிலையாணையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கோடு கிழித்த மாதிரி அழகாக முடிந்திருந்தது. அதற்குக் கீழே அவருக்கு மட்டும் ஒரு மாவுக்கட்டு தெரிந்தது.

"விதியிலேயே இருந்தது சார். நான்தான் எடுத்தேன். நீங்க கேட்டப்போ வந்தாச்சுன்னு பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"மூணாம் பக்கத்துக்குப் போச்சு சார்."

கர்னல் நிலையாணையை எடுத்து, பின்பக்கத்துக் கடைசி வரியின்கீழ் அளவுகோலை வைத்துப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் கொர்னேலியஸுக்குச் சுகமாக இருந்திருக்கும். கடைசியில், "நானும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன்தான்" என்றார். "இன்னிக்கே திருத்தச் சீட்டு அடிங்க. எல்லா வாசலுக்கும் நீங்களே போய் ஒட்டுங்க. அப்புறம், விளக்கம் கேட்டு உங்களுக்கு ஒரு மெமோ குடுக்கணும்."

"சரிங்க சார்."

"அதையும் நீங்கதான் டிராஃப்ட் பண்ணணும். வேற ஆள் இல்லை."

தன் குற்றத்துக்குத் தானே பாரா எண் போட்டு, தானே ஓரம் பார்த்து, தானே அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட கிளார்க் அந்த மலையில் அவர் ஒருவர்தான்.

லேமினேட் செய்த தாளில் கோந்து ஒட்டவில்லை. மழையில் வாசல் வாசலாகப் போய், தாளைக் கைக்குட்டையால் துடைத்து, செலோ டேப் போட்டு ஒட்டினார். பக்கத்தில் இடம் இல்லாததால் சீட்டு அடி ஓரத்துக்குக் கீழே வெளியே நீண்டு, பழிப்புக் காட்டுகிற நாக்குபோலத் தொங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அவர் சகித்துக்கொண்டார்.

பாதை திறந்தது. அதோடு முடிந்திருந்தால் தேவலாம். லைன் பூராவும் கிளார்க் சாரைக் கொண்டாட ஆரம்பித்தது. "ஒத்தை மனுவுல ராணுவத்தயே அசைச்சுப்போட்ட ஆளு" என்று பஸ் ஸ்டாப்பில் பேசினார்கள். யாரோ வாசலில் ஒரு பை மலைப்பூண்டை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பூண்டு வாசம் வீட்டை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. பிரிஸில்லா ரசம் வைத்தால் அவர் மோர் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். இசக்கியம்மா இடது கையில் அரிசிப் பையோடு இறங்கினாள்.

"ஏனுங்க சார், என்ன இந்தப் பக்கம்? மாலை போட்டுக்கணும்னா சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல!"

"இசக்கியம்மா, அந்த ரூல்ல உங்க வழி மொதல்ல இருந்துச்சுங்க. ரெண்டு வரி. அத எடுத்த பாவி நாந்தான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எதுக்குங்க?"

"தாள் ரெண்டு பக்கத்துல முடியணும்னு. பக்கம் அழகா இருக்கணும்னு."

பஸ் போய்விட்டது. டீசல் புகை பனியோடு கலந்து அங்கேயே நின்றது.

"அழகா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

கொர்னேலியஸ் பொய் சொல்ல நினைத்தார். முடியவில்லை. "இருந்துச்சுங்க."

இசக்கியம்மா மாவுக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இத்தன நாளா அந்த மாட்டத் திட்டிட்டுக் கெடந்தேன். பாவம், வாயில்லாச் சீவன்." அரிசிப் பையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "புடிங்க."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பையோடு பின்னால் நடந்தார். மூன்றாம் வாசலில் நின்ற சிப்பாய், சீட்டு ஒட்டப் போனபோது நின்றவன் அல்ல. இசக்கியம்மாவின் அட்டையைப் பார்த்தான், தொங்குகிற நாக்கை ஒரு விரலால் தூக்கி வாசித்தான், வழிவிட்டான். கொர்னேலியஸ் அலுவலக அட்டையை நீட்டினார். அதையும் பார்த்தான். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தான்.

நாலாம் பாரா, சப்-பாரா சி. சிவிலியன் ஊழியர்கள், வேலை நாட்களில், முதல் வாசல் மட்டும்.

"என்னவாமுங்க?" என்றாள் உள்ளே நின்ற இசக்கியம்மா.

"எனக்கு வழியில்லீங்க. எழுதியிருக்குது."

"எழுதினது ஆரு?"

அவர் தன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அவளுக்கும் பதில் தேவைப்படவில்லை.

"அப்ப ரோட்டச் சுத்தி வாங்க. நான் ஊட்டுக்குப் போயி ஒல வெக்கறேன். அரிசி பத்திரமுங்க." நாலடி போனவள் திரும்பினாள். "வளைவுல மாடு நின்னா எம் பேரச் சொல்லுங்க. தெரிஞ்ச மாடுதான்."

கொர்னேலியஸ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் நடந்தார். ஏற்றம் நெஞ்சை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை முதுகோடு ஒட்டியது. இரண்டாவது வளைவில் பனிக்குள் கறுப்பாக ஏதோ நின்றது. பாறையாக இருக்கலாம். அவர் நின்று, அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை.

ஆவிக்கொம்பையில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

"இசக்கியம்மா ஊட்டு அரிசிங்க," என்று பனியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஓரமாக நடந்தார்.