திராட்சைத் தோட்டத்துக்கு முன்னால் ஒரு தெரு

கண் பார்வை குறைந்ததால் என் நண்பருக்குக் கார் லைசென்ஸ் போய்விட்டது. டென்மார்க்கில் ஒடென்சே நகரத்துக்குத் தெற்கே, பழைய ரயில் தடத்தில் போட்ட சைக்கிள் பாதையில் மோட்டார் வாகனங்கள் ஓடுவதில்லை. அதில் அவரைத் தனியாக விடலாமா என்று பார்த்துச் சொல்லும்படி அவருடைய மனைவி என்னிடம் கேட்டிருந்தார். நாங்கள் போனது செப்டம்பரின் முதல் ஞாயிறு. பாதையோரத் தோட்டத்தில் திராட்சை இன்னும் பறிக்கப்படவில்லை.

வயல்களுக்கு நடுவே அவர் என்னை முந்திக்கொண்டு சைக்கிளை ஓட்டினார். "பின்னாலை வாறது சோதிக்க வந்தவரோ, களைச்ச கிழவனோ?" என்று சிரித்தார்.

திராட்சைத் தோட்டத்துக்குச் சற்று முன்னால் பாதை ஒரு தெருவைக் கடக்கிறது. அவர் இறங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை, வாரும்."

"நில்லும்," என்று அவருடைய சைக்கிளைப் பிடித்து இழுத்தேன். சாம்பல் நிற மின்சாரக் கார் ஒன்று சத்தமில்லாமல் கடந்து போனது.

அவர் சைக்கிளைத் தெருவோரமாகச் சாய்த்து நிறுத்தினார். பிறகு, "அவளிட்டைச் சொல்லப்போறீரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இதையும் சேர்த்துச் சொல்லும். இந்தத் தெருவரைக்கும்தான் தனிய வருவன். தோட்டத்துக்கு நீர் வந்தால் மட்டும்."

இரண்டையும் சொன்னேன். அவருடைய மனைவி யோசித்துவிட்டுச் சம்மதித்தார். கிழமை நாட்களில் நண்பர் தனியே தெரு வரை போய்த் திரும்புகிறார். ஞாயிறுகளில் நான் கூடப் போகிறேன்.