அசோகனின் ஸ்பார்க் பிளக் சண்டைகள்

அடுகோடியில் நாகேஷின் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்கு ஞாயிறு விடுமுறை. ஷட்டர் மட்டும் பாதி தூக்கியிருக்கும். குனிந்து உள்ளே போனால் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, அதன் இருபுறமும் பழைய ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்று, பக்கத்தில் சம்மணம் போட்டபடி அசோகன்.

அசோகன் ஐடி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். இளவயதில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கிளப்பில் குத்துச்சண்டை போட்டவர். அவருடைய வலதுகையைப் பற்றி எங்கள் தெருவில் இன்னும் பேச்சு உண்டு. ஞாயிறுகளில் அவர் நடத்துவது வேறு சண்டை, கற்பனையில். அவர் அப்பா காலத்துத் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரையும், போன வருஷம் குத்துச்சண்டையில் ஜெயித்த போலீஸ்காரர் ஒருவரையும் பிளக்குகளாக எதிரெதிரே நிறுத்துவார். எந்தக் காலத்து ஆளாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்: கிளவுஸ் வருவதற்கு முந்தைய வெறுங்கைச் சட்டம். மணி அடிக்காது. ஒருவர் விழுந்தால்தான் ரவுண்டு முடியும். விழுந்தவர் முப்பது விநாடி இளைப்பாறிவிட்டுத் தன் காலாலேயே நடுக்கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் தோல்வி. எடைப் பிரிவு இல்லை. உட்கார ஸ்டூலும் இல்லை; அவரவர் உதவியாள் மூலையில் முட்டி போட்டு, உட்காரத் தன் தொடையைத் தருவார்.

நாகேஷும் மற்றவர்களும் கட்சி பிரிந்து வாதாடுவார்கள். தீர்ப்பு அசோகனுடையது. சொந்தம், ஊர் என்று அவர் பார்த்ததே இல்லை.

அவர் மகள் மமதாவும் குத்துச்சண்டைக்காரி. ஆரம்பத்திலிருந்து அவள் மூலையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றது அவர்தான். சில மாதம் முன்பு ஒரு போட்டியில் அவள் புருவம் கிழிந்தது. ரத்தம் துடைத்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, போதும், விட்டுவிடு என்றார். அவள் விடவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். மாநிலத் தேர்வுப் போட்டி நெருங்கியபோது, மூலையில் நிற்க வருவாரா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வரமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. அந்த ஷட்டருக்குள் அதுவரை தலை நுழைக்காத அவர் மனைவி ஜானகி, பிளாஸ்கில் டீயோடு வந்தார். தானும் ஒரு ஜோடி சொல்லலாமா என்று கேட்டார். நாகேஷ் சந்தோஷமாகச் சொல்லச் சொன்னார்.

"இருபத்திரண்டு வயசு அசோகன். எதிர்ல நம்ம மமதா."

யாரும் டீயைத் தொடவில்லை. எடை ஒத்துவராதே என்று அசோகன் ஆரம்பித்தார்.

"நம்ம சட்டத்துல எடை ஏதுண்ணா?" என்றார் நாகேஷ். "நீதானே வாராவாரம் சொல்ற."

ஆணும் பெண்ணும் எப்படி என்றார் அசோகன். அதற்கு மட்டும் புதுச் சட்டமா என்று ஜானகி கேட்டார்.

அசோகன் பிளக்குகளை நிறுத்தினார். ஒப்புக்கு நடத்த அவருக்குத் தெரியாது. முதல் ரவுண்டுகளில் மமதாதான் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிளக்கைக் கையில் வைத்து யோசித்துவிட்டுக் கோட்டுக்கு நகர்த்தினார். பிறகு அவருடைய பேர்போன வலதுகை அவள் நெற்றி எலும்பில் இறங்கியது. கிளவுஸ் இல்லாத கை. விரல் முறிஞ்சுபோச்சு என்று தன் கையையே பார்த்தார். அதன்பின் அவள் விலாவிலேயே குத்தினாள், அவசரமில்லாமல், அவர் பழக்கிய மாதிரியே.

"புருவம் கிழிஞ்சிருக்குமேண்ணா," என்றார் நாகேஷ் மெதுவாக. "அப்பவும் கோட்டுக்கு வருவாளா?"

அசோகன் பிளக்கின் நுனியைத் துடைத்தார். பிறகு பிளக்கை நகர்த்தினார். "வருவா."

"வரட்டும்," என்றார் ஜானகி. "நடுவுல உக்கார யாரு தொடை குடுப்பா?"

அசோகன் தலை தூக்கவில்லை. "அவளோட மோதறது அந்தக் காலத்து ஆளு. இந்தக் கெழவன் சும்மாதானே இருக்கான்."

சனிக்கிழமை தேர்வுப் போட்டிக்கு அவர் போனார். ரவுண்டுக்கு நடுவே ஸ்டூல் இருந்தும் அதன் பக்கத்தில் முட்டி போட்டார். எழ முடியாமல் தவித்தபோது மமதா கிளவுஸ் கையை நீட்டித் தூக்கிவிட்டாள். போட்டியில் அவள் தோற்றாள், நூலிழையில்.

மறுநாள் அசோகன் மமதாவையும் அவளை ஜெயித்தவளையும் பிளக்குகளாகக் கோட்டருகே நிறுத்தி, பழைய சட்டப்படி சண்டை முடியவே இல்லை, தன் மகள் இன்னும் கோட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள் என்று வாதாடினார். ஷட்டருக்குள் குனிந்து வந்த மமதா எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்தாள்.

"அவளும் வருவாப்பா," என்று எதிராளியின் பிளக்கை நகர்த்தினாள்.