பக்கத்து மூன்று ஏக்கர்

"சரசு அக்கா போயிட்டாங்கடா." பல ஆண்டுகளாக என்னோடு பேசாத என் அண்ணன் போனில் இதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வேறு யாராவது சொல்லியிருக்கலாம்.

சரஸ்வதி அக்கா எங்கள் பெரியம்மாவின் மகள். செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பெரியப்பா மூன்று ஏக்கர் வாங்கினார். ஒட்டியிருந்த மூன்று ஏக்கரை எங்கள் அப்பா வாங்கினார். பின்னர் இரண்டிலும் ரப்பரை அழித்து, எண்ணெய் தரும் செம்பனை நட்டார்கள். எங்கள் நிலம் அண்ணன் பெயருக்குப் போனது. எப்படிப் போனது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அக்கா தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்தடிக்க, உரம் போட, குலை வெட்ட எல்லாவற்றுக்கும் கொன்ட்ரெக்டர் ராஜுவின் ஆட்களையே அமர்த்தினார். அண்ணன் கேலி செய்தார்.

"ஆள வெச்சு நெலம் பாக்குறது, அடுத்த வீட்டுக்காரன வெச்சுப் புள்ள வளக்குற மாதிரிலா."

"உன் நெலத்துல இடுப்பளவு புல்லு நிக்குதே தம்பி, அத யாரு வளத்தா?"

ஒரே மண், ஒரே வயது மரங்கள். அக்காவின் குலைகள் பழுத்ததும் இறங்கிவிடும், லோரி நிறையும். அண்ணனுடையது பாதிகூட ஏறாது.

பிறகு ராஜுவுக்கு ஆள் பற்றாக்குறை வந்தது. "மூணு ஏக்கருக்கு மட்டும் லோரி எடுத்து வந்தா கட்டலக்கா. பக்கத்து லாட்டும் சேந்தா வாரேன்" என்றார்.

அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன். "ஆறு ஏக்கரா சேத்துக் குடுப்போம் தம்பி. உனக்கும் பழம் கூடும்."

கோயில் தலைவர் தேர்தலில் அக்கா தமக்குக் கை தூக்காததை அண்ணன் மறக்கவில்லை. "அன்னிக்கு யாருக்குக் கை தூக்குனீங்களோ, அவருகிட்ட போய்க் கேளுங்கக்கா."

அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்து முடித்த பிறகே அக்கா எழுந்தார். நான் தொடவில்லை.

ராஜு வருவது நின்றது. பழங்கள் மரத்தடியில் உதிர்ந்து அழுகின. எப்போதாவது கிடைத்த ஆட்கள் பழுக்காததையும் வெட்டித் தள்ளினார்கள். ஆலை அவற்றைத் திருப்பி அனுப்பியது. அக்கா நிலத்தை விற்றார். வாங்கியவர் அண்ணன்.

"வெளியாளுக்குப் போறதுக்கு அவனே வெச்சுக்கட்டும்லா" என்றார் அக்கா என்னிடம். அதன்பின் சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருந்தார். செமோர் பக்கம் வரவே இல்லை.

இறுதிச் சடங்குக்கு ராஜு வந்திருந்தார். அக்காவின் நிலத்தில் இப்போது யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"நான்தாண்ணே. இப்ப ஆறு ஏக்கரும் ஒண்ணா இருக்குல்ல, கட்டுது. பழமும் நல்லா வருது."

அண்ணன் அப்போதுதான் மாலையோடு உள்ளே வந்தார். வந்த மாலைகளில் அதுதான் பெரியது. கைகூப்பி நின்றவரின் தோள் குலுங்கியது.

நீங்கள் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள் அக்கா. நான் நகரவில்லை. போய் வாருங்கள்.