ஊருணித் தண்ணீர்

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணல், ஞாபகமும் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பேத்தி மாடியில் மிளகாய்த் தொட்டிக்குக் குழாயைத் திறந்ததும் எழுந்த ஈரமண் வாசனையில் சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்து எங்கள் ஊருணி கண்ணில் நின்றது. இப்போது அங்கே சீமைக்கருவேலம் மண்டிவிட்டது.

அந்தத் தண்ணீர் குடிக்க மட்டும்தான். மழை பொய்த்த வருசம், வாடிய மிளகாய்ச் செடிகளுக்காக, வீட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறவள்போல இடுப்பில் குடத்தோடு கிளம்பி, வீட்டைத் தாண்டி எங்கள் மிளகாய்க் கொல்லைக்கு நடப்பேன். ஐந்தாவது குடத்தில் ஊருணிக் காவல் தாத்தா மறித்தார்.

"ஏத்தா, வீட்ல கல்யாணமா?"

"விருந்தாளுக வந்திருக்காக, தாத்தா."

"அப்ப நானும் பாக்க வாரேன்."

வீட்டில் யாருமில்லை, குடம் தளும்ப, பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்க, பழகிய கால் கொல்லைக்கே போய்விட்டது. அங்கே ஆத்தா செடிக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தாள்.

தாத்தா செடிகளைக் காட்டினார். "இவுகதானா விருந்தாளுக? ஊருப்புள்ளைக நாளைக்கு எதைக் குடிக்கும்?"

ஆத்தா நிமிரவில்லை. "ஊத்துடி. இது பட்டுப்போச்சுன்னா வருசம் பூரா நாம எதைத் திங்கிறது?"

ஊற்றினேன். மறுநாளிலிருந்து, ஊரே மொண்ட பிறகுதான் எங்கள் குடம் ஊருணியில் இறங்கலாம் என்றாகிவிட்டது. கலங்கலைத்தான் குடித்தோம். ஒரு மாதமா, இரண்டா? பரமக்குடியிலிருக்கும் என் அக்காவிடம் யாராவது கேட்டுச் சரிபாருங்கள்.