முட்டைத் தட்டில் மல்லிகைப்பூ

சேலையூரில் அண்ணன் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முட்டை வைக்கிற தட்டில் குழிக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம், அதன்மேல் இலையில் கட்டிய மல்லிகைப்பூ. முட்டை ஒன்றுகூட இல்லை. ஞாயிறு தவறாமல் கறி எடுக்கிற வீடு இது. "மாமாவுக்கு ஆபரேஷன் ஆயிருக்கில்ல, முட்டை கிட்டை சேத்தா சீழ் வெச்சிடும். அவர் எதிர்ல நாம மட்டும் எப்படித் தின்றது? அதான் வாங்கறதே இல்ல" என்றார் அண்ணி. மாமனாருக்காக வீடே வாயைக் கட்டியிருக்கிறது. எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான்.

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயது. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் காலம் முழுக்க நின்றே வேலை பார்த்தவர். தாம்பரம் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. எனக்கு லீவு கிடைத்து அயர்லாந்திலிருந்து வந்து சேர்வதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. போன் பண்ணும்போதெல்லாம் "நல்லா ரெஸ்ட் எடுக்கறாரு" என்றார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். கணவருக்கு அங்கே ஓட்டலில் சமையல் வேலை கிடைத்ததால் கூடப் போனேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கும் வேலை கிடைத்தது. போன புதிதில் பாட்ரிக் என்றொரு கிழவர், எண்பது தாண்டியவர், இதே இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்தார். நடக்கப் பழக்குகிற ஷிவான் என்ற பெண் அவரை வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொன்னாள். அவர் வலியில் கத்தினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். சூப் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அவர் கக்கத்தில் கை கொடுத்தேன். "நோ ஹேண்ட்ஸ், ப்ளீஸ்!" என்றாள் ஷிவான், வெடுக்கென்று. என் கறுப்புக் கை அவர்மேல் படக்கூடாது என்கிறாள் என்று நினைத்து, மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். நானே தூக்கிவிட்டால் அவர் கால் வேலை செய்யாது, அதனால்தான் தடுத்தாள் என்று பிறகு அவளே வந்து சொன்னாள். சாயங்காலம் பாட்ரிக் இரண்டு அவித்த முட்டை கேட்டார். சில வாரத்தில் தானே நடந்து ஜன்னல்வரை வந்தார். வந்து என்ன செய்வது? ஞாயிறுதோறும் அங்கே நின்று கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கை வந்ததில்லை. அந்த ஊரின்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

இங்கே அப்படியில்லை. அப்பாவின் கட்டிலைச் சுற்றி எப்போதும் கூட்டம், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், சாத்துக்குடிப் பை. நான் வந்த அன்றே கூடுவாஞ்சேரியிலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் தங்கை. அப்பா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியதும் அத்தை அலறினார்: "யண்ணா, ஏந்திரிக்காதே! தையல் பிரிஞ்சிடப் போவுது! வயசாயிடுச்சில்ல, சொம்மா கெட."

"தையல் பிரிச்சு எத்தினி நாளாவுது! பாத்ரூம் போவணும்டி."

"அதான் டயாபர் கீதே. அதுலயே போ."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். போர்வையை விலக்கினேன். தொடை என் முழங்கை கனத்துக்கு இளைத்துக் கிடந்தது. மூன்று வாரமாக மிளகு ரசம், சுட்ட அப்பளம். பருப்புகூட இல்லை, அது வாயுவாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் மூலையில் நின்றது. அதன்மேல் ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் சொல்லாமலா விட்டார்? போனில் நானே அவரிடம் கேட்டேன். "எலும்பை நான் சரி பண்ணிட்டேம்மா. படுத்தே இருந்தா தசை கரைஞ்சிடும். சின்ன வயசுக்காரன் ஒரு மாசம் படுத்தாலும் திரும்பப் புடிச்சிடுவான். இவர் வயசுல போனது சுலபமாத் திரும்பாது. முட்டை குடுங்க, நடக்க விடுங்கன்னு உங்க அண்ணன்கிட்ட அன்னிக்கே சொன்னேனே." இங்கேயும் அங்கேயும் மருத்துவம் ஒன்றுதான். வீட்டு வாசல் தாண்டி உள்ளே வர அதற்கு அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஓர் ஆதாரம் இருந்தது. இருபது வயதில் கோவளத்தில் மீன் வாங்கிக்கொண்டு பைக்கில் வரும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அம்மா இதே பத்தியம் போட்டு மாதக்கணக்கில் படுக்கவைத்தாள். எழுந்த மறுவாரம் கிரிக்கெட் ஆடப் போனான். "எனக்கு சரியாவலியா? அதே பக்குவம்தானே?" என்றான். உன்னைத் தேற்றியது பத்தியம் இல்லைடா, இருபது வயசு என்று கத்தினேன். அந்த வயதுக்குப் பட்டினியையும் படுக்கையையும் தாங்குகிற கையிருப்பு இருந்தது. அப்பாவிடம் அது இல்லை. வயசாயிடுச்சு என்பதால்தான் அவர் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். நம் வீடுகளில் அதையே சொல்லிப் படுக்கவைக்கிறோம். எதிர்க்க முடியாத பாசத்தோடு, வந்து பார்த்தவர்கள் மெச்சும்படி.

"சரி, கீழ வுழுந்தா யாரு பாக்கறது? நீ ஃபிளைட் ஏறிடுவ" என்றான் அண்ணன். அவன் கேட்டது நியாயம்தான்.

ஆனாலும் வாக்கர்மேல் கிடந்த அந்தத் துண்டை எடுத்து வீசினேன். முட்டை வாங்கிவந்து அவித்தேன். அப்பா வாக்கரைப் பிடித்து எழுந்தார். கேஸை மூடினோமா என்று மூன்று தடவை பார்க்கிற ஜென்மம் நான். கை தானாக அவர் கக்கத்துக்குப் போனது.

"கைய எட்றீ. மெஷின் ஓட்டின காலு" என்றார்.

நாலு நாள் அறை வாசல்படிவரைதான் முடிந்தது. ஐந்தாம் நாள் பாத்ரூமுக்கே போய்விட்டார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அண்ணி கதவைத் தட்டினார்: "மாமா, தாப்பா போடாதீங்க! வுழுந்தா எப்படி உள்ள வர்றது?"

"போம்மா அந்தாண்ட. கக்கூஸ்லகூட காவலா?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு மாதத்தில் அவர் குரல் அவ்வளவு பலமாக எழும்பியதில்லையாம்.

லீவு முடிந்தது. திரும்பிவிட்டேன். முட்டை கொடுக்கிறார்களா, துண்டு மறுபடி வாக்கரில் ஏறிவிட்டதா என்ற சந்தேகத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இன்று காலை, இங்கே இல்லத்துச் சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டே போனை மாவு டின்மேல் சாய்த்துவைத்து வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணி எடுத்து, "தோ, மாமாகிட்ட பேசுங்க" என்று கட்டிலுக்கு எதிரே போனை நிறுத்திவிட்டு, பால் பொங்குகிறதென்று ஓடிவிட்டார். திரையில் கட்டில் காலியாக இருந்தது. போர்வை ஒதுக்கிக் கிடந்தது. அப்பா எங்கே? நடந்து போயிருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா? "அப்பா!" என்று கத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் நடையில் ஒரு வாக்கர் டக், டக் என்று வந்துகொண்டிருந்தது. பாட்ரிக், ஜன்னலுக்குப் போகிறார். அந்தச் சத்தம் போனுக்குள்ளிருந்து வரவேண்டும் என்று, உடைத்த முட்டை கையில் வழிய, நான் அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.