கிறுகிறு அக்காவும் மஞ்சள் பந்தும்

தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கிறுகிறு அக்கா என்றால்தான் தெரியும். பட்டம் சூட்டியது பெற்ற தாயேதான். மகள் முதன்முதலாக எடிட் செய்த கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, "தலை கிறுகிறுங்குதுடி, கொஞ்சம் தண்ணி கொடு" என்று அம்மா சோபாவில் சாய்ந்தாள். அது பக்கத்து வீட்டுக் காதில் விழுந்தது. பிறகு கேட்க வேண்டுமா, தெரு முழுக்கப் பரவிவிட்டது.

அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. கிறுகிறு அக்கா செய்கிற வீடியோவில் மாப்பிள்ளை சிரித்தால் அந்தச் சிரிப்பு கண்ணாடி மாதிரி நொறுங்கும். சில்லுகளுக்குப் பின்னாலிருந்து மணப்பெண் வருவாள். மாமனார் பக்கமாகப் புரண்டு போவார், மாமியார் பம்பரமாகச் சுழன்று வருவார். ஒரு காட்சி சும்மா முடிந்து இன்னொன்று சும்மா தொடங்குவதை அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. "வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சுட்டு உள்ள போற மாதிரி இருக்குங்க" என்பாள்.

போட்டோ ஸ்டூடியோவில் ரசீது எழுதத்தான் முதலில் சேர்ந்தாள். கல்யாண சீசன் நடுவில் அங்கிருந்த எடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் உக்காந்து பாக்கட்டுமா சார்?" என்று கேட்டு உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது வீட்டிலேயே, பழைய சாமான் போட்டிருந்த சின்ன அறையில் அவளுடைய கடை. இரண்டு திரை, உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த ஒரு நாற்காலி, கடகடவென்று புலம்பும் ஒரு மின்விசிறி. பேக்கரியில் வேலை பார்க்கும் கணவன் வெண்ணெய் வாசனையோடு வந்து பின்னால் நின்று எதைப் பார்த்தாலும் "பிரமாதம்" என்பான். அவனிடம் வேறு சொல் கிடையாது. ஆனாலும் தினமும் அவளுக்கு அது வேண்டியிருந்தது.

அம்மா அவளோடுதான் இருந்தாள். அதற்கு ஒரு கதை உண்டு. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், தம்பி கடிகாரக் கடைக்காரன். நான்கு வருடங்களுக்கு முன்னால் அம்மா யார் வீட்டில் இருப்பது என்று இருவருக்கும் பேச்சு வந்தது. வேண்டாம் என்று தள்ளிவிடுகிற சண்டை அல்ல; எனக்குத்தான் வேண்டும் என்கிற சண்டை. "உனக்கு அம்மாவைப் பாத்துக்கத் தெரியுமா?" என்று ஒருவன் கேட்க, "நீ ரொம்பப் பாத்துக் கிழிச்சே" என்று மற்றவன் சொல்ல, வார்த்தை தடித்துவிட்டது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அண்ணன் காலையில் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான், தம்பி சாயங்காலம் வருவான். நடுவில் கிடந்து அல்லாடுகிறவள் இவள்.

அம்மாவுக்கு எழுபது வயது ஆகப்போகிறது. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "என்னத்தைக் கேக்கறது? கேட்டா கிடைக்கவா போகுது" என்று அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிறுகிறு அக்காவுக்குப் புரிந்துவிட்டது. நிஜத்தில் சேர்த்துவைக்க முடியாவிட்டால் போகட்டும், திரையிலாவது இரண்டு பேரையும் சேர்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

திட்டம் சுலபம். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பந்தை அனுப்பிவைத்தாள். ஒவ்வொருவரும் திரையின் இடப்பக்கத்திலிருந்து வரும் பந்தைப் பிடிக்க வேண்டும், வாழ்த்து சொல்ல வேண்டும், வலப்பக்கம் எறிய வேண்டும். பந்து பறக்கிற வேகத்தில் படம் ஒரு நொடி கலங்கும். அந்தக் கலங்கலுக்குள் வைத்து அடுத்த வீட்டோடு ஒட்டிவிட்டால், ஒரே பந்து ஊர் ஊராகப் பறந்து போகிற மாதிரி இருக்கும். முக்கியமான சங்கதி, அண்ணன் எறிவதைத் தம்பி பிடிப்பான். அது இரண்டு பேருக்கும் தெரியாது.

வந்த கிளிப்களைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. சித்தி பந்தைக் கேமரா மேலேயே எறிந்திருந்தாள். மாமா பந்தைப் பிடித்துவிட்டு, எறிய மனசில்லாமல் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் மட்டும் தன் காரின் பக்கத்தில் விறைப்பாக நின்று, சிக்னல் காட்டுகிறவன் மாதிரி கையை நீட்டி, ஒழுங்காக வலப்பக்கம் எறிந்திருந்தான்.

தம்பி காலை வாரிவிட்டான். அவன் கடையில் இடப்பக்கம் வேலை மேசை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத திருகும் பல்சக்கரமும் இறைந்து கிடக்கும். அந்தப் பக்கமிருந்து பந்து வந்தால் அவன் பிழைப்பு என்னாவது? அதனால் வலப்பக்கத்திலிருந்து பிடித்திருந்தான். அண்ணன் பந்தை ஒரு திசையில் எறிய, தம்பிக்கு அது எதிர்த்திசையிலிருந்து வந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தம்பியின் படத்தை மட்டும் இடவலமாகத் திருப்பிப் போட்டாள். பந்து அழகாக வந்து அவன் கையில் உட்கார்ந்தது. "பிரமாதம்" என்றான் கணவன். உச்சி குளிர்ந்துபோய், அந்தத் துண்டை மட்டும் தம்பிக்கு அனுப்பினாள்.

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"அக்கா, என் கடையில இருக்கற கடிகாரம் அத்தனையும் பின்னாடி ஓடுது."

அவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். தம்பியின் முதுகுக்குப் பின்னால் சுவர் நிறையக் கடிகாரங்கள். பந்தையே பார்த்தவள் அவற்றைப் பார்க்கவில்லை. முள்ளெல்லாம் வலமிருந்து இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஊர்ல எவன் பாத்தாலும் என்ன நினைப்பான்? இவன் கடிகாரம் ரிப்பேர் பண்ற லட்சணம் இதுதான்னு நினைக்க மாட்டானா? எதுக்குத் திருப்பினே?"

"பந்து அந்தப் பக்கத்துல இருந்து வரணும்டா."

"ஏன், யாரு எறியறாங்க?"

"யாரோ எறியறாங்க, உனக்கென்ன?" என்று மழுப்பினாள்.

"அண்ணனா?" என்றான் தம்பி.

குட்டு உடைந்துவிட்டது. இனி மறைத்து என்ன செய்ய? "ஆமாண்டா. அம்மா வாய் திறந்து கேக்க மாட்டேங்கறா. நேர்லதான் முடியல, வீடியோலயாவது ரெண்டு பேரையும் ஒண்ணா காட்டலாம்னு பாத்தேன். வேணாம்னா சொல்லு, எடுத்துடறேன்" என்றாள்.

போன் வழியாகக் கடையின் டிக் டிக் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "மேசையை நகத்தி வைக்கறேன். அவரை வந்து எறியச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டான்.

அண்ணனிடம் சொன்னபோது அவன் "நான் எதுக்கு அங்க போகணும்?" என்று ஒரு பாட்டம் முறுக்கினான். ஆனால் மறுநாள் அவள் கேமராவோடு கடிகாரக் கடைக்குப் போனபோது, டிரைவிங் ஸ்கூல் கார் அவளுக்கு முன்பே வாசலில் நின்றது. இறங்க மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

முதல் எறிதல் சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தட்டிவிட்டது. "பிரேக்குல காலை வச்சு எறிங்க" என்றான் தம்பி. அண்ணன் எவ்வளவோ அடக்கிப் பார்த்தான், முடியாமல் சிரித்துவிட்டான். அப்புறம் எறிந்த பந்து நேராகத் தம்பியின் கைக்குப் போனது. கேமராவை நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

"எப்படா கண்ணாடி போட்டே?" என்றான் அண்ணன்.

"ரெண்டு வருஷமாச்சு" என்றான் தம்பி. "நீங்க எப்ப மீசைய எடுத்தீங்க?"

பிறந்த நாளன்று அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து வீடியோவைப் போட்டாள். பந்து வீடு வீடாகப் பறந்தது, படம் நொறுங்கியது, புரண்டது, சுழன்றது. அம்மா வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரக் கடை வந்தது. ஒரே சட்டத்துக்குள் இரண்டு மகன்கள். ஒருவன் எறிய மற்றவன் பிடித்தான். அம்மா முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கேடி" என்றாள் மெல்ல. "ஒட்டின இடமே தெரியல. நிஜமாவே பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கு."

"ஒட்டலைம்மா. நிஜமாவே நின்னாங்க."

அம்மா நம்பவில்லை. "சும்மா சொல்லாதடி. எனக்கு என்ன தெரியாதா உன் வேலை?"

சமையலறையில் கணவனோடு கேக்கைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டிருந்த இருவரையும் அவள் கூப்பிட்டாள். கையில் கிரீமோடு அண்ணனும் தம்பியும் ஒன்றாக வந்து நின்றார்கள். அம்மா திரையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள். பிறகு எட்டி இரண்டு பேர் சட்டையையும் பிடித்து இழுத்தாள். பிடித்த பிடியை அன்று சாப்பாடு ஆறிப்போகும்வரை விடவில்லை.