மீதிக் கதையைத் தராத குணவதி மிஸ்

குணவதி மிஸ் இறந்த செய்தியை அவருடைய தங்கை மகள் மலர் காலையில் போனில் சொன்னாள். "சார், பெரியம்மா போயிட்டாங்க. மத்தியானம் எடுக்கறோம். நீங்க கூட வேலை செஞ்சவரு, வந்து ரெண்டு வார்த்தை பேசணும்." பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் எங்கள் பழைய மாணவர். "அந்தம்மாகிட்ட அழாத புள்ள இந்தத் தெருவுல உண்டா சார்? இன்னைக்கு மட்டும் ஒருத்தனும் அழல, பாருங்க" என்று மெதுவாகச் சிரித்தார். என் முறை வந்தபோது எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அன்று பேசாததை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன். சரியாக எழுதுவேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் மேல் வகுப்புகளுக்கு வரலாறு, அவர் கீழ் வகுப்புகள். மார்ச்சில் கடகடவென்று வாசித்த பிள்ளை கோடை விடுமுறை முடிந்து வரும்போது எழுத்துக்கூட்டி நிற்பதைப் பார்த்து, ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் அவர் கோடை வாசிப்பறை ஒன்றைத் தொடங்கினார். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் என்று இருந்த பிள்ளைகள். மூன்று மொழியிலும் பழைய கதைப் புத்தகங்கள் வாங்கி வந்தார். முதல் நாள் அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் பிளேடால் நான்கைந்து பகுதிகளாக அறுத்து, தனித்தனியாக நூல் போட்டுத் தைத்தார். "முழுப் புத்தகத்தைக் கொடுத்தா அது அலமாரிக்குப் போயிடும் சார். கால்வாசி கொடுத்தா புள்ள திரும்பி வரும்" என்றார்.

ஒரு பகுதியை எடுத்துப்போய் வாசித்துவிட்டு, மறுநாள் எல்லார் முன்னாலும் நின்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த பகுதி. சொல்லாவிட்டால் அதே பகுதி மறுபடியும். "ஸ்வல்ப ஞாபகம் இருக்கு மிஸ்" என்றான் ஒருவன், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில். "சரி, கதையும் ஸ்வல்பமாவே வச்சுக்கோ" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். முடிவைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கு அதைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய கடுமையான விதி.

தெய்வானை என்று ஒரு சிறுமி. வாசிப்பாள், ஆனால் பலர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். திருவிழாவில் தம்பியைத் தொலைத்த ஒரு பெண்ணின் கதை அவளிடம் இருந்தது. கடைசிக்கு முந்தைய பகுதியில் மாட்டிக்கொண்டாள். "அவ... அவ..." என்று நிற்பாள். "டேப்பு சிக்கிக்கிச்சு மிஸ்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். மிஸ் அதட்டமாட்டார். "வாய் இருக்கா, வாடகைக்கு விட்டுட்டியா?" என்று தானும் சேர்ந்துகொள்வார். மே முடிந்தது. அவள் குடும்பம் வீட்டைக் காலி செய்து, ஊருக்கு வெளியே சந்தாபுராவுக்குப் போகிற நாள். "அந்தக் கடைசிப் பகுதியைக் கொடுத்துவிடலாமே" என்று தயங்கிச் சொன்னேன். "நீங்க பரிதாபப்படுங்க சார், அது சுலபம். புது ஸ்கூல்ல அவள எழுப்பி நிக்க வைப்பாங்களே, அங்க போய் நிப்பீங்களா?" என்றார். தெய்வானை வெறுங்கையோடு படியிறங்கிப் போனாள்.

பல வருடங்கள் கழித்து, போன தீபாவளிக்குப் பிறகு மிஸ்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று. கண்ணால் வரியைப் பிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் பேசுவது புரிந்தது, ஆனால் வார்த்தை வெளியே வரவில்லை. தினமும் பேச வையுங்கள், விட்டால் இருப்பதும் போய்விடும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மலருக்கு அவரை அப்படி வருத்த மனசு வரவில்லை. மிஸ் கண்ணைக் காட்டுவதற்குள் காப்பியைக் கொண்டுவந்து வைப்பாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், மிஸ்ஸின் நிலையைக் கேள்விப்பட்டு, சந்தாபுராவிலிருந்து வந்தாள். தெய்வானைதான். கைப்பையில் ஒரு நாவலை ஐந்து துண்டுகளாக அறுத்துக் கொண்டுவந்திருந்தாள். முதல் துண்டை வாசித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு, நானும் அங்கே இருந்தபோது வந்து, "சொல்லுங்க மிஸ், என்ன ஆச்சு?" என்றாள். மிஸ்ஸின் வாய் கோணியது, எச்சில் வழிந்தது. "அவ..." என்றார். தெய்வானை துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். "அவன்னா யாரு மிஸ்?" பதில் வரவில்லை. அதே துண்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

மலர் பொறுக்காமல் கேட்டாள். "ஏம்மா, பழி வாங்க வந்தியா?"

"கொஞ்சம் அதுவும்தான் அக்கா. ஆனா நீங்க கேக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொடுத்துக் கொடுத்து அவங்கள ஊமையாக்கறீங்க."

மிஸ்ஸின் கண்ணில் நீர் நின்றது. "பாவம்மா, மேலே படித்துவிடேன்" என்றேன் நான். மிஸ் தலையை என் பக்கம் திருப்பினார். வெகுநேரம் முயன்றார். "சார்... சும்மா... இருங்க."

தெய்வானை சிரித்துவிட்டாள். "உங்களத் திட்டத்தான் சார் பேச்சு வருது. வாரா வாரம் வந்துடுங்க."

போனேன். மார்ச் நடுவில் மிஸ் நான்காம் துண்டு வரை வந்துவிட்டார். உடைந்த வார்த்தைகள்தான், ஆனால் யார், எங்கே, ஏன் என்பது விளங்கியது. நான்காம் துண்டைச் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டார். கடைசித் துண்டு தெய்வானையின் மடியில் இருந்தது. மிஸ் இடக்கையை அதை நோக்கி நீட்டினார். "அடுத்த வாரம் மிஸ்" என்று அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. வெள்ளி காலையில் மலரின் போன்.

சடலத்தின் அருகே மலர் எல்லாருக்கும் கேட்கும்படி தெய்வானையிடம் சொன்னாள். "முடிவத் தெரிஞ்சுக்காமயே போயிட்டாங்க. அன்னைக்கே படிச்சிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?" மலர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தெய்வானை வராமல் இருந்திருந்தால், மிஸ் ஒரு வார்த்தையும் இல்லாமல் போயிருப்பார். இவற்றில் எது பெரிது என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

ஏப்ரலில் வாசிப்பறையை மறுபடி திறந்தோம். ஞாயிறுகளில் தெய்வானை, மற்ற நாட்களில் நான். இந்த வாரம் ஒரு சிறுமி என் முன்னால் வந்து நின்று, கதையைச் சொல்லத் தெரியாமல் அழுதாள். அடுத்த பகுதி என் கையில் இருந்தது. கொடுத்துவிடத்தான் கை போனது. "திரும்பப் படிச்சிட்டு வாம்மா" என்றேன். அழுதுகொண்டே படியிறங்கினாள். நான் கூப்பிடவில்லை. குணவதி மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கூப்பிடாமல் இருப்பதுதான். அந்தச் சிறுமி நாளை வருவாளா என்று தெரியவில்லை.